விஸ்கியின் வரலாறு: காய்ச்சினது யார், அடிபட்டது யார்?

குடியைப் பத்தி எழுத உட்கார்ந்தாலே ரெண்டு கோஷ்டி கிளம்பி வந்துவிடும். குடி பாவம், குடி குடியைக் கெடுக்கும் என்று ஒரு கோஷ்டி. குடிதான் கொண்டாட்டம், குடிதான் கலகம் என்று இன்னொரு கோஷ்டி. இந்தக் கட்டுரை ரெண்டு பக்கமும் சேராது. எனக்கு இருக்கிற கேள்வி வேறு. சரக்கைக் காய்ச்சினது யார்? அது யார் பேரில் விற்றது? தடை என்று ஒரு சட்டம் வந்தபோது போலீஸ் யார் வீட்டுக் கதவை உடைத்தது? இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு அமெரிக்க விஸ்கியின் வரலாற்றைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம்.

அமெரிக்கா எதுக்கு, உள்ளூரில் சாராயம் இல்லையா என்று கேட்பீர்கள். 1972இல் பம்பாயில் நம் ஆட்கள் ஓர் இயக்கம் தொடங்கியபோது ‘தலித் பேந்தர்ஸ்’ என்று பேர் வைத்தார்கள். அமெரிக்கக் கறுப்பர்களின் ‘பிளாக் பேந்தர்’ கட்சியைப் பார்த்து வைத்த பேர் அது. எதிர்த்து நிற்பதை அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டோம். அவர்களுடைய உழைப்பும் அறிவும் எப்படி மறைக்கப்பட்டன என்பதையும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

விஸ்கி என்ற சொல் கேலிக் மொழியிலிருந்து வந்தது. ‘உயிர்த் தண்ணீர்’ என்று அர்த்தம். ஸ்காட்லாந்து அரசாங்கக் கணக்கில் 1494ஆம் வருஷத்தில், ஜான் கோர் என்ற துறவிக்கு இந்த உயிர்த் தண்ணீர் காய்ச்ச முளைதானியம் கொடுத்ததாக ஒரு வரி இருக்கிறது. ஆக, எழுத்தில் முதலில் ஏறியது மடத்துச் சாமியார் பேர். பிறகு அது குடியானவர் வீட்டுக் கொல்லைக்கு இறங்கி வந்தது.

வேலை ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. ஆனால் லேசான வேலையும் இல்லை. தானியத்தை முளைகட்டி, காயவைத்து, அரைத்து, சுடுதண்ணீரில் கரைத்து, ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவிட்டால் அதுதான் ஊறல். ஊறலைச் செம்புப் பானையில் ஏற்றித் தீ மூட்டினால், தண்ணீர் கொதிக்கிற 100 டிகிரிக்கு முன்னாலேயே, சுமார் 78 டிகிரியில், சாராயம் ஆவியாகக் கிளம்பும். அந்த ஆவியைத் தண்ணீரில் முக்கின குழாய் வழியாக விட்டால் சொட்டுச் சொட்டாக இறங்கும். முதலில் இறங்குவது ஆகாது, காரமும் நாற்றமும் உள்ளது. கடைசியில் இறங்குவதும் சப்பென்று நாறும். நடுவில் வருவதைத்தான் பிடிக்கவேண்டும். எங்கே வெட்டுவது என்பதை மூக்கும் நாக்கும்தான் சொல்லவேண்டும். இது புத்தகத்தில் படித்து வருகிற வித்தை இல்லை. பக்கத்தில் நின்று பார்த்து, கையால் செய்து, வருஷக்கணக்கில் படிகிற அறிவு. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

இந்த வித்தை அயர்லாந்து, ஸ்காட்லாந்து குடியேறிகளோடு அமெரிக்கா போனது. பென்சில்வேனியாவில் ரை தானியத்தில் காய்ச்சினார்கள். கென்டக்கி, டென்னசி பக்கம் மக்காச்சோளத்தில் காய்ச்சினார்கள். ரோடு இல்லாத மலைக்காட்டில் தானிய மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைவிட, அதையே சாராயமாக்கிப் பீப்பாயில் ஏற்றினால் குதிரைக்குப் பாரம் குறைவு, காசு அதிகம். பல இடங்களில் விஸ்கியே நாணயமாகப் புழங்கியது.

1791இல் புது அரசாங்கம் இதன்மேல் தீர்வை போட்டது. பெரிய வடிசாலைக்காரனுக்குச் சலுகை, சின்ன விவசாயிக்குச் சுமை என்று போட்ட தீர்வை. மேற்குப் பென்சில்வேனியா விவசாயிகள் எதிர்த்து எழுந்தார்கள். 1794இல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் சுமார் 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டிக்கொண்டு அவர்களை அடக்கக் கிளம்பினார். பாடப்புத்தகத்தில் இதற்கு ‘விஸ்கிக் கலகம்’ என்று பேர்.

அதே வாஷிங்டன் பதவியை விட்டு இறங்கிய 1797இல் மவுன்ட் வெர்னன் என்ற தன் பண்ணையில் விஸ்கி காய்ச்ச ஆரம்பித்தார். ஐந்து செம்புக் கொதிகலன்கள். 1799இல் மட்டும் ஏறக்குறைய 11,000 கேலன் இறங்கியது. அந்த நாட்டின் மிகப் பெரிய வடிசாலைகளில் அதுவும் ஒன்று. யோசனை சொன்னது ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். சரி, விறகு போட்டது, ஊறலைக் கிளறினது, இரவெல்லாம் கண் முழித்துத் தீயைக் காத்தது யார்? ஆறு அடிமைகள். ஹான்சன், பீட்டர், நாட், டேனியல், ஜேம்ஸ், டிமோத்தி. தேசத்தந்தை விஸ்கியைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆண்டர்சன் வரைக்கும் வந்து நின்றுவிடுவார்கள். இந்த ஆறு பேர் வரைக்கும் வருவதற்கு ரொம்ப காலம் பிடித்தது.

கென்டக்கியிலும் இதே கதைதான். போர்பன் விஸ்கியைக் கண்டுபிடித்தவர் எலைஜா கிரெய்க் என்ற பாப்டிஸ்ட் போதகர் என்று ஒரு கட்டுக்கதை ரொம்ப நாளாக ஓடுகிறது. ஒரு தனி ஆள் கண்டுபிடித்தது இல்லை அது. பல பேர் கையில் மெல்ல மெல்ல உருவானது. கிரெய்க் அடிமைகளை வைத்திருந்தவர் என்ற விஷயம் மட்டும் கட்டுக்கதையில் வராது. சாமியார், தேசத்தந்தை, போதகர். வரலாறு எழுதுகிறவனுக்குக் கண்டுபிடிப்பாளன் வேணுமென்றால் இப்படிப்பட்ட ஆள்தான் கண்ணில் படுவான் போலிருக்கிறது.

*

இப்போது உலகத்துக்கே தெரிந்த ஒரு பேருக்கு வருவோம். ஜாக் டேனியல்.

டென்னசி மாநிலத்தில் லிஞ்ச்பர்க் என்று ஒரு சின்ன ஊர். பக்கத்தில் டான் கால் என்பவரின் பண்ணை. கால், மளிகைக்கடை வைத்திருந்தவர், லுத்தரன் சபையில் பிரசங்கம் செய்தவர், விஸ்கியும் காய்ச்சி விற்றவர். பையன் ஜாக் டேனியல் அந்தப் பண்ணைக்கு வேலைக்கு வந்தான். போதகர் கால் பையனுக்கு விஸ்கி வித்தையைச் சொல்லிக்கொடுத்தார் என்றுதான் நெடுங்காலம் கதை ஓடியது.

சொல்லிக்கொடுத்தது அவர் இல்லை. நேதன் கிரீன் என்ற கறுப்பர். ‘நியரஸ்ட்’ என்று கூப்பிடுவார்கள். 1820 வாக்கில் மேரிலாந்தில் பிறந்தவர் என்கிறார்கள். லாண்டிஸ் அண்ட் கிரீன் என்ற நிறுவனத்துக்குச் சொந்தமான அடிமை. மாட்டை வாடகைக்கு விடுகிற மாதிரி அவரை டான் காலுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். வேலை செய்தது அவர், கூலி வாங்கினது அவருக்குச் சொந்தக்காரர்கள்.

அந்தப் பகுதி விஸ்கிக்குத் தனி அடையாளமே கரியில் வடிகட்டுவதுதான். சர்க்கரை மேப்பிள் மரத்தை எரித்துக் கரியாக்கி, பெரிய தொட்டியில் திணித்து, காய்ச்சின விஸ்கியை அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கவிடுவது. காரம் அடங்கித் தெளிந்து வரும். தெளிந்த கள்ளுக்கு நம் பழைய பாட்டுகளில் ‘தேறல்’ என்று பேர். எம்.ஏ. தமிழில் தேறல், நறவு, தோப்பி என்று இந்தப் பட்டியலை நான் மனப்பாடம் செய்திருக்கிறேன். ஊற்றிக் கொடுத்த மன்னன் பேர் தெரியும், வாங்கிக் குடித்த புலவன் பேர் தெரியும். அதை வடித்தவர் யார் என்று எந்தப் பரீட்சையிலும் ஒரு மார்க் கேள்விகூட வந்ததில்லை. நியரஸ்ட் கிரீன் கதையைப் படித்தபோதுதான் அந்தக் கேள்வியே எனக்குத் தோன்றியது.

1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஜாக் டேனியல் சொந்த வடிசாலை தொடங்கினபோது நியரஸ்ட் கிரீன்தான் தலைமை வடிப்பாளர். அவருடைய மகன்கள் ஜார்ஜும் ஈலையும் அங்கே வேலை பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த தலைமுறைகளும் பார்த்தன. ஆனால் வடிசாலை சொந்தம், பேர் சொந்தம், லாபம் சொந்தம் எல்லாம் யாருக்கு? சட்டம் விடுதலை கொடுத்தது. நிலம் கொடுக்கவில்லை, முதல் கொடுக்கவில்லை. கையில் வித்தை இருந்தும் கூலிக்காரராகத்தான் இருக்கமுடிந்தது.

1900க்குப் பிறகு எடுத்த ஒரு போட்டோ இருக்கிறது. வடிசாலை ஆட்களுக்கு நடுவே ஜாக் டேனியல் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறார். ஒட்டினாற்போல் பக்கத்தில் ஒரு கறுப்பர். நியரஸ்டின் மகன் ஜார்ஜாக இருக்கலாம் என்கிறார்கள். தெற்கத்தி மாநிலங்களில் கறுப்பர்கள் தனிக் குழாயில் தண்ணீர் குடிக்கவேண்டிய காலத்தில் இது பெரிய விஷயம். ஜாக் டேனியல் தனிப்பட்ட முறையில் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. தனக்குக் கற்றுக்கொடுத்தவர் யார் என்பதை அவர் ஒளித்த மாதிரியும் தெரியவில்லை. ஊர்க்காரர்களுக்குத் தெரியும், கிரீன் குடும்பத்துக்குத் தெரியும். 1967இல் வந்த ஜாக் டேனியல் வாழ்க்கை வரலாற்றிலும் நியரஸ்ட் பேர் இருக்கிறது. இருந்தும் கம்பெனி சொன்ன கதையில் மட்டும் அவர் இல்லை. 2016இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் கட்டுரை வந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. ஆக, தெரியாமல் போனது இல்லை, தெரிந்தே சொல்லாமல் விட்டது. ஆதாரம் இல்லை, ஆதாரம் இல்லை என்று நம்மிடம் சொல்கிறவர்களை இனிமேல் கொஞ்சம் நிதானமாகக் கேட்கவேண்டும்.

2017இல் ‘அங்கிள் நியரஸ்ட்’ என்ற பேரிலேயே ஒரு விஸ்கி வந்தது. ஃபான் வீவர் என்ற கறுப்பினப் பெண் தொடங்கினது. அதற்குக் கலவை செய்யும் பொறுப்புக்கு நியரஸ்டின் எள்ளுப்பேத்தி விக்டோரியா ஈடி பட்லர் வந்தார். இந்த ‘அங்கிள்’ என்ற சொல்லைக் கவனிக்கணும். அந்தக் காலத்துத் தெற்கில் வெள்ளையர்கள் வயசான கறுப்பரை ‘மிஸ்டர்’ போட்டுக் கூப்பிடமாட்டார்கள். மரியாதை கொடுக்க மனசு வராது, பேர் சொல்லி அதட்டவும் வயசு இடம் கொடுக்காது. அதற்காகக் கண்டுபிடித்த சொல் அங்கிள். சேரிப் பெரியவரை ஊர்த்தெருப் பொடியன் ‘வாய்யா, போய்யா’ என்று கூப்பிடுகிற நாட்டில் இருக்கிற நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஆனால் அந்தக் குடும்பம் அந்தச் சொல்லை உறவுமுறையாகவே பிரியமாக வைத்துக்கொண்டது. இழிவாகக் கொடுத்ததை எடுத்துப் பெருமையாகப் போட்டுக்கொள்வதும் நமக்குத் தெரிந்த வித்தைதான்.

*

இனி மதுவிலக்கு. இதில் எச்சரிக்கையாகப் பேசவேண்டும். ஏனென்றால் கறுப்பர் தலைவர்களில் பலர் மதுவுக்கு எதிரானவர்கள். அடிமையாகப் பிறந்து தப்பியோடி வந்த பிரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாற்றில் ஒரு விஷயம் சொல்கிறார். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே அடிமைகளுக்கு லீவு விட்டு, எஜமானர்களே விஸ்கி ஊற்றிக் கொடுப்பார்களாம். யார் அதிகம் குடிக்கிறான் என்று பந்தயம் வைப்பார்களாம். இதுதான் சுதந்திரம் என்று நம்பவைத்து, அந்தச் சுதந்திரத்தின்மேலேயே வெறுப்பு வரவைக்கிற தந்திரம் என்று டக்ளஸ் அதை உடைத்துக் காட்டுகிறார். அதே வருஷம் அயர்லாந்து போனவர் அங்கே மதுவைத் தொடுவதில்லை என்று சத்தியமும் செய்தார். இவருக்கு மதுவிலக்கு என்றால் சுயமரியாதை. எஜமான் ஊற்றுவதைக் குடிக்கமாட்டேன் என்பது.

குடிக்காமல் இருந்தால் மட்டும் விட்டார்களா? 1842 ஆகஸ்ட் 1, பிலடெல்பியா. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்ததைக் கொண்டாடவும் மதுவிலக்கைப் பரப்பவும் கறுப்பர்கள் ஊர்வலம் போனார்கள். குடித்தவர்கள் இல்லை, குடிக்காதே என்று சொல்லிக்கொண்டு போனவர்கள். வெள்ளையர் கும்பல் அவர்களை அடித்தது, வீடுகளைச் சூறையாடியது, கறுப்பர் தேவாலயம் ஒன்றைக் கொளுத்தியது. குடித்தால் காட்டுமிராண்டி, குடிக்காமல் நிமிர்ந்து நடந்தால் திமிர்.

வெள்ளையர்களின் மதுவிலக்கு இயக்கம் வேறு ரகம். அதிலும் நல்லவர்கள் இருந்தார்கள். குடிகாரப் புருஷனிடம் அடிவாங்கின பெண்களின் நியாயமான கோபம் அதில் இருந்தது. 1874இல் தொடங்கின கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கம் அந்தக் கோபத்திலிருந்து வளர்ந்தது. பிரான்சிஸ் ஹார்ப்பர் என்ற கறுப்பினக் கவிஞரும் அதில் உழைத்தார். ஆனால் அதன் தலைவி பிரான்சிஸ் வில்லர்ட் 1890இல் ஒரு பேட்டியில், கறுப்பர்களின் குடியால் தெற்கில் வெள்ளைப் பெண்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்கிற தோரணையில் பேசினார். கறுப்பர்களை மரத்தில் தூக்கிலிட்டுக் கொன்றுகொண்டிருந்த கும்பல்கள் சொன்ன அதே காரணம். ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் 1894இல் இங்கிலாந்திலேயே அந்தப் பேட்டியை மறுபடி அச்சிட்டு வில்லர்டை அம்பலப்படுத்தினார்.

பிறகு அட்லாண்டா. 1906 செப்டம்பரில், கறுப்பர்கள் சாராயக்கடைகளில் குடித்துவிட்டு வெள்ளைப் பெண்களைத் தாக்குகிறார்கள் என்று பத்திரிகைகள் வெறி ஏற்றின. வெள்ளையர் கும்பல் தெருவில் இறங்கியது. குறைந்தது 25 கறுப்பர்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றது வெள்ளையர். ஆனால் அதற்குக் கண்டுபிடித்த மருந்து என்ன? 1907இல் ஜார்ஜியா மாநில சட்டசபை மதுவிலக்குச் சட்டம் போட்டது. 1908இல் கறுப்பர்களின் ஓட்டைப் பறிக்கிற அரசியல் சட்டத் திருத்தமும் வந்தது. சாராயத்தையும் ஓட்டையும் ஒரே கையால் பிடுங்கினார்கள். வசதியான வெள்ளையர்களுக்குக் கிளப் இருந்தது. அங்கே அவரவர் அலமாரியில் பாட்டிலைப் பூட்டி வைத்துக் குடித்துக்கொண்டார்கள்.

இந்த அலை தெற்கு மாநிலங்களில் பரவி, முதல் உலகப்போரில் ஜெர்மானிய பீர் முதலாளிகள்மேல் இருந்த வெறுப்போடு சேர்ந்து, நாடு முழுக்கப் போனது. அதுவரை மைய அரசாங்க வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மதுத்தீர்வைதான். 1913இல் வருமான வரி வந்ததால் அந்தக் கவலையும் போய்விட்டது. 18ஆவது திருத்தம் 1919இல் ஏற்கப்பட்டு 1920 ஜனவரி 17 முதல் அமலுக்கு வந்தது.

சட்டத்தைப் படித்தால் சூது தெரியும். தயாரிப்பது குற்றம், விற்பது குற்றம், ஏற்றிப்போவது குற்றம். குடிப்பது குற்றம் இல்லை! தடைக்கு முன்னாலேயே பெட்டி பெட்டியாக வாங்கி வீட்டில் அடுக்க முடிந்தவன் சாவகாசமாகக் குடிக்கலாம். டாக்டர் சீட்டு இருந்தால் மருந்துக்கடையில் பத்து நாளைக்கு ஒரு பைன்ட் விஸ்கி வாங்கலாம். மருந்து விஸ்கி விற்க ஆறு கம்பெனிகளுக்கு லைசென்ஸ். 1931 கடைசியில் நியூயார்க்கில் கார் மோதி அடிபட்ட வின்ஸ்டன் சர்ச்சிலுக்குக்கூட, சாப்பாட்டு வேளைகளில் மது வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

பணக்காரனுக்குச் சீட்டு, ஏழைக்கு ரெய்டு. 1915இல் உயிர் பெற்று வந்த கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை வெறியர் கூட்டம் தன்னை மதுவிலக்கின் காவலனாக அறிவித்துக்கொண்டது. 1923-24இல் இல்லினாய் மாநிலம் வில்லியம்சன் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான கிளான் ஆட்கள் மதுவிலக்கு ரெய்டு என்ற பேரில் இத்தாலியச் சுரங்கத் தொழிலாளர் வீடுகளுக்குள் புகுந்து அடித்தார்கள். முகமூடி போட்டவனுக்குச் சட்டம் ஒரு பேட்ஜையும் மாட்டிவிட்டது.

விஷம் தனிக்கதை. தொழிற்சாலை ஸ்பிரிட்டைத் திருடிக் குடிக்கிறார்கள் என்று அதில் விஷத்தைச் சேர்க்கச் சொன்னது அரசாங்கம். அது முன்பே இருந்த வழக்கம்தான். 1926 கடைசியில் மெத்தில் ஆல்கஹாலின் அளவைக் கூட்ட உத்தரவு வந்தது. அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க்கில் மட்டும் சில நாளில் 30 பேருக்கு மேல் செத்தார்கள். நகரத்தின் பிரேதப் பரிசோதனை அதிகாரி சார்லஸ் நாரிஸ், விஷம் என்று தெரிந்தும் அரசாங்கம் இதைச் செய்கிறது, நல்ல சரக்கு வாங்க வசதியில்லாதவர்கள்தான் சாகிறார்கள் என்று பகிரங்கமாகச் சொன்னார். மதுவிலக்குத் தலைவர் வெய்ன் வீலரோ, அதைக் குடிக்கிறவன் தற்கொலை செய்துகொள்கிறான் என்று கணக்கை முடித்தார். 1930இல் மலிவாகக் கிடைத்த இஞ்சி மருந்தில் ஒரு ரசாயனத்தைக் கலந்து விற்றதால் ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குக் கால் விளங்காமல் போனது. தெற்கத்திக் கறுப்பினப் பாடகர்கள் அந்தக் காலை வைத்து ப்ளூஸ் பாட்டுக் கட்டினார்கள். ஆஸ்பத்திரிக் கணக்கில் ஏறாத வலி பாட்டில் ஏறியது.

பறிபோனது உயிர் மட்டும் இல்லை. டாம் புல்லக் என்று ஒரு கறுப்பர், 1872இல் லூயிவில்லில் பிறந்தவர். மது கலக்குவதில் பேர்போனவர். 1917இல் அந்தக் கலையைப் பற்றிப் புத்தகமே போட்டார். அமெரிக்கக் கறுப்பர் ஒருவர் அப்படி எழுதிய முதல் புத்தகம். மூன்றே வருஷத்தில் அவர் தொழிலே சட்டவிரோதமாகிவிட்டது.

1933 டிசம்பர் 5இல் மதுவிலக்கு நீங்கியது. அப்போது கடை திறக்கத் தயாராக இருந்தது யார்? மருந்து விஸ்கி லைசென்ஸ் வைத்திருந்தவர்கள், பழைய பீப்பாய்களைக் கிடங்கில் வாங்கி அடுக்கின முதலாளிகள். கொஞ்ச வருஷத்திலேயே ஷென்லி, நேஷனல் டிஸ்டில்லர்ஸ், சீக்ராம், ஹைரம் வாக்கர் என்ற நாலு பெரிய கம்பெனிகள் கைக்குள் வியாபாரம் போய்விட்டது. கொல்லையில் காய்ச்சினவன் தடைக்கு முன்னாலும் பின்னாலும் கள்ளச்சாராயக்காரன்தான்.

*

மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்று என்னைக் கேட்டால், டக்ளஸ் கேட்ட மதுவிலக்கு எனக்கு வேண்டும். அட்லாண்டாக்காரர்கள் போட்ட மதுவிலக்கு வேண்டாம். ரெண்டுக்கும் ஒரே பேர் இருக்கிறதாலேயே ரெண்டும் ஒன்றாகிவிடாது. ஒரு சட்டம் யாரைக் காப்பாற்ற வந்தது, யாரைப் பிடிக்க வந்தது என்று பார்த்துத்தான் அதை எடைபோடவேண்டும்.

இன்னொரு விஷயம், வரலாறு தேடுகிற நம் இளைஞர்களுக்கு. வாஷிங்டன் வடிசாலையின் ஆறு பேர் நமக்கு எப்படிக் கிடைத்தார்கள்? 1799இல் அவர் தன் அடிமைகளுக்கு எடுத்த கணக்கிலிருந்து. யாரிடம் என்ன வேலை என்று எஜமான் எழுதி வைத்த பட்டியல் அது. நியரஸ்ட் கிரீன் எப்படிக் கிடைத்தார்? பேரப்பிள்ளைகளின் வாய்வார்த்தையிலிருந்து. எஜமானின் கணக்குப் புத்தகமும் நம் பாட்டிகளின் பேச்சும் ஆவணங்கள்தான். பண்ணைக் கணக்கு, கோர்ட்டு ரிகார்டு, போலீஸ் ஸ்டேஷன் குற்றவாளிப் பட்டியல் எல்லாவற்றையும் எடுத்துப் படியுங்கள். அவமானப்படுத்த எழுதினவற்றிலும் நம் ஆட்களின் பேரும் தொழிலும் இருக்கும். பாட்டி உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.